பொறியியலின் எல்லைக்கோடு: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளும் மின்னணுவியல் தொழில்நுட்பக் கல்வியும்

இந்தியாவில் கடந்த சில பத்தாண்டுகளில் மின்னணுவியல் பயின்றவர்களுள் ‘பாய்ல்ஸ்டாட்’ என்ற பெயரை அறியாதவர் மிகச் சிலரே. ராபர்ட் பாய்ல்ஸ்டாட்டும் லூயிஸ் நாஷெல்ஸ்கியும் இணைந்து எழுதிய ‘எலக்ட்ரானிக் டிவைசஸ் அண்ட் சர்க்யூட் தியரி’ 1972இல் வெளிவந்தது. அதன் மலிவு விலை இந்தியப் பதிப்பு, பொறியியல் கல்லூரி விடுதிகளில் மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறிக் கைமாறி வந்த நூல்களில் ஒன்று. அதனோடு ஒரே அலமாரியில் இருந்தவை ஆல்பர்ட் மால்வினோவின் ‘எலக்ட்ரானிக் பிரின்சிபிள்ஸ்’, ரொனால்டு டோச்சியின் ‘டிஜிட்டல் சிஸ்டம்ஸ்’ ஆகியவை. மூன்றும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பாடத்திட்டங்களில் இடம்பெற்றவை.

இந்நூலாசிரியர்கள் எங்கே கற்பித்தார்கள் என்ற கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. போன்ற பெயர்களையே மனம் இயல்பாக ஊகித்துக்கொள்கிறது. உண்மை வேறு. பாய்ல்ஸ்டாட்டும் நாஷெல்ஸ்கியும் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியிலுள்ள குயின்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியின் ஆசிரியர்கள். டோச்சி கற்பித்தது அதே மாநிலத்தின் ராசெஸ்டர் நகரிலுள்ள மன்றோ சமுதாயக் கல்லூரியில். மால்வினோ கலிஃபோர்னியாவின் ஃபுட்ஹில் கல்லூரியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். மூன்றுமே இரண்டாண்டுக் கல்லூரிகள். பொறியாளர்களைப் பயிற்றுவிப்பது தம் பணியன்று என்று பொறியியல் உலகம் வரையறுத்து வைத்திருந்த ‘பொறியியல் தொழில்நுட்ப’ப் பிரிவுகளைக் கொண்டவை. தொழில்நுட்பர்களுக்காக, அதாவது டெக்னீஷியன்களுக்காக வளர்ந்த ஒரு கற்பித்தல் மரபு, உலகின் மறுபக்கத்தில் பொறியாளர்களின் அடிப்படைப் பாடமாக ஆனது எப்படி? இக்கேள்விக்கு விடை தேட, அந்த எல்லைக்கோடு வரையப்பட்ட வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டாண்டுக் கல்லூரி என்ற அமைப்பு தொழிற்கல்விக்காகத் தோன்றியதன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும் பின் இரண்டு ஆண்டுகளையும் தனித்தனிக் கட்டங்களாகக் கண்டார். பல்கலைக்கழகம் உயராய்வில் கருத்தைச் செலுத்த வேண்டுமானால் முதற்கட்டத்தை வேறிடத்தில் நடத்தலாம் என்பது அவர் கருத்து. அவருடைய ஊக்கத்தால் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நீட்சியாக 1901இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கியதே இன்று வரை நடைபெறும் மிகப் பழைய அரசு சார் இளநிலைக் கல்லூரியாகக் கருதப்படுகிறது. அங்கு படித்தவர் பின்னர் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டில் சேரலாம் என்பதே ஏற்பாடு. கல்லூரி ஒரு படிக்கட்டு; அது போய்ச் சேரும் மாடி வேறிடத்தில் இருந்தது.

தொழில்நுட்பர் கல்விக்கு அப்போது வேறொரு பாதை இருந்தது. பொறியாளருக்கும் கைவினைத் தொழிலாளிக்கும் இடைப்பட்ட பணிகளுக்கு ஆட்களை உருவாக்கிய தனியார் தொழில்நுட்ப நிலையங்கள் நகரங்களில் இயங்கின. வில்லியம் விக்கெண்டனும் ராபர்ட் ஸ்பாரும் இவற்றை ஆராய்ந்து 1931இல் வெளியிட்ட நூல், நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு இத்தகைய நிலையங்கள் போதா என்று சுட்டியது. எனினும் பொருளாதாரப் பெருமந்தம் கவிந்திருந்த அவ்வேளையில் அச்சொற்கள் செயலாக மாறவில்லை.

மாற்றத்தைக் கொணர்ந்தது போர். 1940இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய கதிர்வீச்சு ஆய்வகம் ரேடார் கருவிகளை வடிவமைத்தது. ஆனால் கடலின் நடுவே ஒரு போர்க்கப்பலில் அக்கருவி பழுதடைந்தால் அதைச் சீராக்க வேண்டியவர் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலர் அல்லர். இருபது வயதுக் கடற்படை வீரர். அவருக்கு மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் தேவைப்படவில்லை. கருவியின் எந்தப் பகுதியில் எந்த மின்னழுத்தம் இருக்க வேண்டும், இல்லையெனில் எந்த உறுப்பு கெட்டிருக்கும் என்று தருக்க முறையில் கண்டறியும் திறன் தேவைப்பட்டது. இத்தகையோரைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கக் கடற்படை நடத்திய கணிதம், இயற்பியல், மின்னியல் தேர்வு, அதை வகுத்த வில்லியம் எடியின் பெயராலேயே ‘எடி தேர்வு’ எனப்பட்டது. தேறியவர்கள் பல மாதப் பயிற்சியில் கற்றுத் தேர்ந்தார்கள். மின்னணுவியல் தொழில்நுட்பர் என்ற தொழிலடையாளம் பெருமளவுக்கு இப்பயிற்சிக் கூடங்களில் உருவானது. பின்னாளில் பாடநூலாசிரியராகப் புகழ்பெற்ற மால்வினோவும் 1950களின் தொடக்கத்தில் கடற்படையில் மின்னணுவியல் தொழில்நுட்பராகப் பணியாற்றியவரே.

போர் முடியுமுன், 1944 ஜூன் மாதத்தில், படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கையெழுத்தானது. ‘ஜி.ஐ. சட்டம்’ என்று வழங்கும் இதன் கல்விச் சலுகையை ஏறத்தாழ 78 லட்சம் பேர் பயன்படுத்தினர். அவர்களுள் 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். எஞ்சிய 56 லட்சம் பேர் பிற பயிற்சிகளில் சேர்ந்தனர். தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு இச்சட்டத்தின் பயன் உள்ளூர் நிர்வாகத்தின் பாகுபாட்டால் சுருங்கிப்போனது என்பதையும் இங்குச் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

1947 டிசம்பர் மாதத்தில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்வுகள் நடந்தன. ஜார்ஜ் ஜூக் தலைமையில் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் தன் அறிக்கையின் முதல் தொகுதியை வெளியிட்டது. மக்களுள் குறைந்தது 49 விழுக்காட்டினர் 14 ஆண்டுக் கல்வியை முடிக்கும் அறிவாற்றல் கொண்டவர்கள் என்றும், அதற்கேற்பக் கட்டணமற்ற இரண்டாண்டுக் கல்லூரிகள் நாடெங்கும் பரவ வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவலானதும் இவ்வறிக்கையால்தான். அதே மாதத்தில், பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் முதல் டிரான்சிஸ்டரைச் செயற்படுத்திக் காட்டினர். அடுத்த இருபது ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒரே வகுப்பறையில் சந்தித்தன.

அச்சந்திப்புக்கு வழிவகுத்தது பொறியியல் கல்வி தனக்குள் செய்துகொண்ட மாற்றமாகும். ரேடார், அணுகுண்டு ஆகியவற்றின் உருவாக்கத்தில் பொறியாளர்களைவிட இயற்பியலர்களே முன்னின்றனர் என்ற உறுத்தல் போருக்குப் பின் பொறியியல் பேராசிரியர்களிடையே நிலவியது. அமெரிக்கப் பொறியியல் கல்விக் கழகத்தின் சார்பில் எல். ஈ. கிரின்டர் தலைமையில் அமைந்த குழு 1955இல் தன் அறிக்கையை அளித்தது. திண்மங்களின் இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், மின்னியல் கோட்பாடு முதலிய ‘பொறியியல் அறிவியல்கள்’ பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக அமைய வேண்டும் என்றது அவ்வறிக்கை. அதன் விளைவாக, பட்டறைப் பயிற்சி, வரைபடம், கருவிகளைக் கையாளும் வகுப்புகள் ஆகியவை பட்டப் படிப்பிலிருந்து படிப்படியாக ஒதுங்கின. குழுவின் முன்வரைவு, அறிவியல் சார்ந்த பொறியியல், பொதுநிலைப் பொறியியல் என்று பட்டப் படிப்பையே இரண்டாகப் பிரிக்கலாம் என்று கூறியிருந்தது. பொறியியல் கல்லூரிகள் எதிர்த்தமையால் இறுதி அறிக்கையில் அப்பரிந்துரை இடம்பெறவில்லை. எந்தக் கல்லூரியும் ‘குறைந்த அறிவியல்’ கொண்ட பக்கத்தில் நிற்க விரும்பவில்லை.

ஆனால் வேலை எங்கும் போய்விடவில்லை. வடிவமைக்கப்பட்ட சுற்றைக் கட்டிப் பார்க்கவும், அளக்கவும், பிழை கண்டறியவும் ஆட்கள் தேவைப்பட்டனர். பொறியியல் கல்லூரிகள் கைவிட்ட ஆய்வக மேசையை இரண்டாண்டுக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் கூட்டரசின் பணம் இத்திசையில் பாய்ந்தது. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் எட்டாம் பகுதி தொழில்நுட்பர் பயிற்சிக்கென்றே நிதி ஒதுக்கியது. 1960இல் அமெரிக்கக் கல்வி அலுவலகம் மின்னணுவியல் தொழில்நுட்பத்துக்கான மாதிரி இரண்டாண்டுப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. 1962இல் ஜேம்ஸ் மெக்ரா தலைமையில் வெளிவந்த கல்விக் கழக அறிக்கை, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ என்ற சொல்லுக்குத் தரவரையறை தந்தது. பொறியியலை அடுத்து நிற்கும் ஒரு தனித்துறை இவ்வாறு முறைப்படி பிறந்தது.

அத்துறையின் எல்லையைக் காட்டிய அடையாளம் கணிதம். பொறியியல் மாணவர் முதலாண்டிலேயே நுண்கணிதத்தில் இறங்குவார். இரண்டாண்டுத் தொழில்நுட்ப மாணவருக்கு இயற்கணிதமும் முக்கோணவியலும் அடித்தளம். நேர்மின்னோட்டச் சுற்றுகள், மாறுமின்னோட்டச் சுற்றுகள், வெற்றிடக் குழாய்களும் டிரான்சிஸ்டர்களும், பின்னர் இலக்கச் சுற்றுகள், தகவல்தொடர்பு, தொழில்நுட்ப எழுத்து என்று பாடங்கள் செல்லும். ஒவ்வொன்றோடும் ஆய்வகம் இணைந்திருக்கும். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருவோர் மாணவர்களில் கணிசமானோர்.

இத்தகைய மாணவர்முன் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு நெருக்கடி உண்டு. வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதிவிட்டு அது விளக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. டிரான்சிஸ்டர் ஏன் அவ்வாறு இயங்குகிறது என்பதைப் படத்தாலும் எண்ணாலும் சொல்லாலும் காட்ட வேண்டும். மால்வினோ 1968இல் எழுதிய நூலின் பெயரே ‘டிரான்சிஸ்டர் சர்க்யூட் அப்ராக்சிமேஷன்ஸ்’, அதாவது தோராயங்கள். அவர் முறையில் டையோடு முதலில் ஒரு வெறும் மின்விசை. திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். இரண்டாம் தோராயத்தில் சிலிக்கான் டையோடின் 0.7 வோல்ட் வீழ்ச்சி சேர்கிறது. மூன்றாம் தோராயத்தில் அதன் உள்மின்தடை சேர்கிறது. கையிலுள்ள வேலைக்கு எந்தத் தோராயம் போதும் என்று முடிவெடுப்பதே கற்க வேண்டிய திறன். பாய்ல்ஸ்டாட், நாஷெல்ஸ்கி நூலிலும் இதே அணுகுமுறை காணக்கிடைக்கிறது. மின்னழுத்தப் பகுப்பியால் இயங்கும் டிரான்சிஸ்டர் சுற்றில், பீட்டாவையும் எமிட்டர் மின்தடையையும் பெருக்கி வரும் மதிப்பு, பகுப்பியின் கீழ் மின்தடையைப் போல் பத்து மடங்கேனும் இருந்தால், அடிமுனை மின்னோட்டத்தைப் புறக்கணித்துவிட்டு எளிய கணக்கால் விடை காணலாம். இந்தியத் தேர்வறைகளில் எண்ணற்ற மாணவர்கள் கையாண்ட விதி இது. எந்த உறுப்பு அறுபட்டால் எந்த முனையில் என்ன மின்னழுத்தம் தோன்றும் என்று கேட்கும் பழுதறிதல் பகுதிகளும் இந்நூல்களில் உண்டு. ரேடார் அறையில் நின்ற கடற்படை வீரரின் அறிவு அப்பக்கங்களில் பாடமாக உறைந்திருக்கிறது.

பிற்காலப் பொறியாளர் எவரும் தோராயத்தை இழிவாகக் கருதமாட்டார். வடிவமைப்பின் முதற்படியே அதுதான். தொழில்நுட்பருக்கென்று ‘எளிமைப்படுத்திய’ பாடமாகத் தொடங்கியது, உண்மையில் பொறியியல் சிந்தனையின் ஒரு முகமாகவே இருந்தது. நிறுவனங்கள் வரைந்த கோட்டை நூல்கள் மதிக்கவில்லை.

ஆயினும் மாணவர்கள் அக்கோட்டை அவ்வளவு எளிதில் கடக்க முடிந்ததா? இங்கேதான் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. சமூகவியலர் பர்ட்டன் கிளார்க், பின்னாளில் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற பகுதியிலிருந்த சான் ஹோசே இளநிலைக் கல்லூரியை ஆராய்ந்து 1960இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அனைவருக்கும் கதவைத் திறந்துவைக்கும் கல்லூரி, உள்ளே வந்தவர்களில் பலருடைய கனவை ஓசையின்றித் தணிக்கும் பணியையும் செய்கிறது என்பது அவர் வாதம். நுழைவுத் தேர்வு மதிப்பெண், ஆலோசகரின் சந்திப்பு, அறிமுக வகுப்பு, எச்சரிக்கைக் கடிதம் என்று படிப்படியாக நகரும் நடைமுறையில், பல்கலைக்கழகம் செல்ல விரும்பிய மாணவர் தாமே தம் இலக்கைக் குறைத்துக்கொள்கிறார். அவர் தோற்றுவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. வேறொரு தகுந்த இலக்கு காட்டப்படுகிறது. கிளார்க் தந்த எடுத்துக்காட்டே பொறியாளருக்குப் பதிலாகப் ‘பொறியியல் உதவியாளர்’ என்பதுதான். ஒலியில் நெருங்கியும் நிலையில் விலகியும் நிற்கும் இரு சொற்கள்.

ஸ்டீவன் பிரின்ட், ஜெரோம் காராபெல் ஆகியோர் 1989இல் எழுதிய ‘தி டைவர்ட்டட் டிரீம்’ இவ்வாதத்தை மேலும் கொண்டுசென்றது. மாணவர்கள் விரும்பிக் கேட்டதால் தொழிற்பிரிவுகள் பெருகவில்லை. பல்கலைக்கழகங்களோடு போட்டியிட முடியாத கல்லூரி நிர்வாகிகள் தமக்கென ஒரு தனி இடத்தைத் தேடியபோது அவற்றை முன்வைத்தனர். மாணவர்களோ நீண்ட காலம் பல்கலைக்கழக மாற்றத்தையே விரும்பினர் என்று அவர்கள் காட்டினர்.

இவ்விமர்சனத்தை முழு உண்மையாகக் கொள்வதும் தவறாகும். அக்கல்லூரி இல்லையெனில் அம்மாணவருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எந்தக் கல்லூரியும் கிடைக்காமற் போயிருக்கலாம். இரண்டாண்டுப் பட்டத்தோடு அளவைக் கருவி நிறுவனங்களிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் மதிப்பான ஊதியம் பெற்று ஒரு தலைமுறை வாழ்ந்தது. கிளார்க்கின் கண்டுபிடிப்பு அதனால் பொய்யாகிவிடாது. மாணவரின் விருப்பமும் சந்தையின் தேவையும் முரண்படும்போது, விட்டுக்கொடுப்பவர் யார் என்பதை அது காட்டியது.

முரண்பாட்டின் கூர்முனை பாட மாற்றத்தில் வெளிப்பட்டது. இயற்கணிதத்தை அடிப்படையாகக் கொண்டு படித்த சுற்றுக் கோட்பாடு, பொறியியல் கல்லூரியில் அதே பெயருள்ள பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படுவதில்லை. இரண்டாண்டு முடித்தவர் பொறியியல் பட்டம் பெற விரும்பினால் நுண்கணிதத்தையும் இயற்பியலையும் தொடக்கத்திலிருந்து பயில நேரிடும். 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவிய நான்காண்டுப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் ஒரு வழியைத் திறந்தது. எனினும் அங்கீகார அமைப்பு பொறியியலுக்கு ஒன்றும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனி ஆணையங்களை நடத்துகிறது. தொழில்முறைப் பொறியாளர் உரிமம் வழங்கும்போது சில மாநிலங்கள் பொறியியல் தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு வாய்ப்பே தருவதில்லை. வேறு சில கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்கின்றன. பணியிடத்தில் மங்கலான கோடு, சட்டத்தில் அழுத்தமாகவே தொடர்கிறது.

1980களுக்குப் பின் அத்தொழிலின் அடித்தளமே அசைந்தது. ஒருங்கிணைந்த சுற்றுகள் நுணுகி நுணுகி வந்தபோது, பழுதான உறுப்பைத் தேடி மாற்றுவதைவிட முழுப் பலகையையும் தூக்கி எறிவது மலிவாயிற்று. உற்பத்தி கடல்கடந்து கிழக்காசியாவுக்குச் சென்றது. மின்னணுவியல் தொழில்நுட்பப் பிரிவுகளில் பல சுருங்கின. சில கணினி வலையமைப்பு, தானியக்கம் முதலிய பிரிவுகளோடு இணைந்தன. 1992இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்வழி, தேசிய அறிவியல் நிறுவனம் இரண்டாண்டுக் கல்லூரிகளின் உயர்தொழில்நுட்பக் கல்விக்கு நிதி வழங்கத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் குறைகடத்தித் தொழிலை மீட்கும் ‘சிப்ஸ்’ சட்டம் வந்தபோது தொழில்நுட்பர் பற்றாக்குறை மீண்டும் தேசியக் கவலையானது. அவ்வாண்டிலேயே அரிசோனாவின் மரிகோபா சமுதாயக் கல்லூரிகள், இன்டெல் நிறுவனத்தோடு இணைந்து, குறைகடத்தி ஆலைகளுக்கான இரண்டு வாரப் பயிற்சியைத் தொடங்கின. இரண்டு ஆண்டுக்கும் இரண்டு வாரத்துக்கும் இடையிலான தொலைவு சிந்திக்கத்தக்கது. ஆலைக்கு ஆள் சேர்க்க இரண்டு வாரம் போதலாம். ஆலை மூடினாலும் கையில் எஞ்சும் அறிவைத் தர அது போதாது. 1960இன் பாடத்திட்டம் மாணவருக்கு வாக்களித்தது அந்த எஞ்சும் அறிவைத்தான்.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் அக்கறை உண்டு. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரியோடு இங்கு வேரூன்றத் தொடங்கிய இக்கருத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் நாடளாவிய திட்டமாக்கியது. அதற்கு நெடுங்காலம் முன்பே பாலிடெக்னிக் கல்லூரிகளின் டிப்ளமா அந்த இடைநிலையை நிரப்பியிருந்தது. அமெரிக்க அமைப்பில் கிட்டாத ஒரு வசதி இங்கு உண்டு: டிப்ளமா முடித்தவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் சேர்ந்தபின் கணித வகுப்பில் அவர் தடுமாறுவதும், ஆய்வகத்தில் அவரைச் சுற்றிப் பிற மாணவர்கள் கூடுவதும் ஆசிரியர்கள் அறிந்த காட்சிகள். முன்னதைக் குறைபாடாக மதிப்பிட முறை இருக்கிறது. பின்னதைத் தகுதியாக மதிப்பிட முறை இல்லை.

பாய்ல்ஸ்டாட்டும் மால்வினோவும் டோச்சியும் இத்தகைய மாணவர்களை முன்னிறுத்தியே கற்பித்தார்கள். அவர்களுக்குப் புரியும்படி எழுதியதாலேயே அந்நூல்கள் எல்லோருக்கும் புரிந்தன. பொறியியல் தனக்கு வெளியே நிறுத்திய வகுப்பறையிலிருந்து வந்த விளக்கத்தைக் கொண்டுதான், இந்தியாவின் பொறியியல் மாணவர்கள் டிரான்சிஸ்டரைக் கற்றார்கள். டிப்ளமா மாணவரின் தகுதியை எடைபோடும் குழுக்கள் தம் பாடத்திட்டத்தின் நூற்பட்டியலையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.